மூன்றரை வாரக் காட்டு முகாமில் பையன் என்ன செய்வான்?

கேள்வி: எங்கள் மகனுக்குப் பதினொரு வயது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடகோடியில் ஆண் பிள்ளைகளுக்கென்று நடக்கும் ஒரு கோடை முகாமுக்கு மூன்றரை வாரம் அனுப்பலாமா என்று யோசிக்கிறோம். போன் கிடையாதாம். பாதி நாட்கள் காட்டுக்குள் கேனூ (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சின்னப் படகு) பயணமாம். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அங்கே என்னதான் செய்வார்கள்? அவன் ஒரு ராத்திரிகூட எங்களை விட்டுத் தங்கியதில்லை.

பதில்:

அந்தப் பகுதியில் அப்படிப்பட்ட ஒரு முகாமில் நான்கு கோடைகள் பயணத் தலைவனாக இருந்திருக்கிறேன். பத்து வயதிலிருந்து பதினாறு வயதுவரை உள்ள பையன்களைக் கேனூவில் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவதுதான் என் வேலை. அதனால் விளம்பரத் தாளில் வராத விஷயங்களையும் சேர்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'வில்டர்னஸ்' (வனாந்தரம்) என்று முகாமின் பெயரில் பார்த்ததுமே சில பெற்றோர் பயந்துவிடுகிறார்கள். மனநலச் சிக்கலோ போதைப் பழக்கமோ உள்ள பதின்பருவப் பிள்ளைகளைச் சிகிச்சை என்று சொல்லி வாரக்கணக்கில் காட்டில் வைத்திருக்கும் நிறுவனங்கள் அமெரிக்காவில் உண்டு. அவற்றின்மேல் கடுமையான புகார்களும் வந்திருக்கின்றன. அது வேறு உலகம். நீங்கள் கேட்பது பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் ஆசைப்பட்டுப் போகும் கோடை முகாம். அதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. கனெக்டிகட்டில் பள்ளி நடத்திய ஃப்ரெடெரிக் கன் 1861இல் தன் மாணவர்களை நடத்தியே கடற்கரைக்குக் கூட்டிப் போய்க் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். 1881இல் நியூ ஹாம்ப்ஷயரின் ஸ்குவாம் ஏரித் தீவு ஒன்றில் எர்னஸ்ட் பால்ச் என்ற இளைஞர் சொகோருவா முகாமைத் தொடங்கினார். 1885இல் தொடங்கிய டட்லி முகாமும், 1893இல் தொடங்கிய கீவேடினும் இன்றுவரை நடக்கின்றன.

இவர்களில் பால்ச் செய்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும். பணக்கார வீட்டுப் பையன்கள் கோடை முழுக்க விடுதிகளில் சும்மா உட்கார்ந்து வீணாகிறார்கள் என்பது அவருடைய கவலை. அதனால் தன் தீவில் வேலையாள் யாரையும் வைக்கவில்லை. சமையல், பாத்திரம் கழுவுதல், படகு பராமரிப்பு எல்லாம் பையன்கள் பாடு. முகாம் எட்டு வருஷம்தான் நடந்தது, ஆனால் அந்த எண்ணம் தங்கிவிட்டது. இன்றைக்கும் ஒரு நல்ல காட்டு முகாமில் உங்கள் மகன் செய்யும் வேலை உண்மையான வேலை. அவன் விறகு கொண்டுவராவிட்டால் அன்றைக்குச் சோறு வேகாது. வீட்டில் 'அம்மாவுக்கு உதவி பண்ணு' என்று நாம் கொடுக்கும் வேலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகள் முதல் நாளே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

சரி, ஒரு நாள் எப்படிப் போகும்? இரண்டு விதமான நாட்கள் உண்டு: ஏரிக்கரையில் இருக்கும் மூல முகாமில் கழியும் நாள், பயணத்தில் கழியும் நாள். மூன்றரை வாரத்தில் பதினொரு வயதுப் பையன்களுக்குப் பெரும்பாலும் முதலில் இரண்டு மூன்று நாள் சின்னப் பயணம் ஒன்று, அப்புறம் ஐந்திலிருந்து எட்டு நாள்வரை ஒரு பெரிய பயணம் என்று இருக்கும். மீதி நாட்கள் மூல முகாமில்.

மூல முகாமில் காலை ஏழு மணிவாக்கில் மணி அடிக்கும், சில இடங்களில் பியூகிள் என்ற ஊதுகொம்பை ஊதுவார்கள். கேபின் என்பது மரத்தால் ஆன ஒரே அறை, ஜன்னலுக்குக் கண்ணாடி இருக்காது, கொசுவலைதான். ஏழெட்டுப் பையன்கள், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பெரியவர்களான 'கவுன்சிலர்கள்' ஒன்றிரண்டு பேர், அடுக்குக் கட்டில்கள். எழுந்ததும் ஏரியில் ஒரு முங்கு. ஜூன் மாதத்தில் அந்தத் தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கும். வேண்டாம் என்றால் யாரும் தள்ளிவிட மாட்டார்கள், தள்ளிவிடக் கூடாது. கொடியேற்றம் முடிந்து சாப்பாட்டுக் கூடத்தில் காலை உணவு. ஒவ்வொரு மேஜைக்கும் முறைவைத்து ஒரு பையன் பரிமாறுவான், துடைப்பான், தட்டுகளை எடுத்துப் போவான். அது முடிந்ததும் கேபின் சுத்தம் செய்யும் நேரம். ஒருவன் பெருக்க, ஒருவன் ஈரத் துண்டுகளைக் கயிற்றில் போட, இன்னொருவன் கழிவறை கழுவ என்று ஒரு சக்கர அட்டவணை சுவரில் தொங்கும். பிறகு ஒருவர் வந்து பார்த்து மதிப்பெண் போடுவார். பதினொரு வயதுப் பையன்கள் அந்த மதிப்பெண்ணுக்காகக் காட்டும் அக்கறையைப் பார்த்தால் உங்களால் நம்ப முடியாது.

காலையில் இரண்டோ மூன்றோ பயிற்சி வகுப்புகள், மதியத்துக்கு மேல் இன்னும் ஒன்றிரண்டு. நீச்சல், துடுப்புப் போடுதல், வில்வித்தை, மரவேலை, பாறை ஏறுதல், வரைபடமும் திசைகாட்டியும் படித்தல், மீன்பிடித்தல். சில முகாம்களில் .22 ரைஃபிள் சுடும் பயிற்சியும் உண்டு. உங்களுக்கு அதில் சம்மதம் இல்லையென்றால் படிவத்திலேயே எழுதிக் கொடுத்துவிடலாம். எல்லாவற்றையும் விவரிக்கப் போவதில்லை. நீச்சலையும் கோடாரியையும் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோர் மிகவும் பயப்படுவது அந்த இரண்டுக்கும்தான்.

முதல் நாளே ஒவ்வொரு பையனையும் தண்ணீரில் சோதித்துப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். நீந்தத் தெரியாதவன் எல்லை கட்டிய ஆழமில்லாத பகுதியைத் தாண்டக் கூடாது. கரையில் ஒரு பலகை இருக்கும். ஒவ்வொரு பையனுக்கும் பெயர் எழுதிய ஒரு வில்லை, அதாவது சின்ன அடையாளத் தகடு. தண்ணீரில் இறங்கும்போது அதைப் பலகையில் மாட்டிவிட்டு ஒரு ஜோடியுடன் இறங்க வேண்டும், தனியாக இறங்க முடியாது. கரையேறும்போது எடுத்துவிட வேண்டும். சில நிமிஷத்துக்கு ஒருமுறை விசில் ஊதினால் எல்லோரும் அவரவர் ஜோடியின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்ட வேண்டும். எண்ணிக்கை பலகையோடு ஒத்துப்போன பிறகுதான் மறுபடி நீந்தலாம். ஒரு வில்லை மிச்சமாகப் பலகையில் நின்றால், அந்தப் பையன் சொல்லாமல் கேபினுக்குப் போயிருக்கலாம் என்று யாரும் ஊகித்துக்கொண்டு இருக்க மாட்டார்கள். அந்த நொடியே கவுன்சிலர்கள் கைகோத்து வரிசையாக ஏரிக்குள் இறங்கித் தேடுவார்கள். என் முதல் கோடையில் அப்படி ஒருமுறை தேடினோம். பையன் கழிவறையில் இருந்தான். யாரும் அவனைத் திட்டவில்லை. ஆனால் முப்பது பெரியவர்கள் தன்னைத் தேடித் தண்ணீருக்குள் போனதைக் கரையில் நின்று பார்த்த அவன் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது, இந்த வில்லைப் பலகை முறையை எப்படி நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்பவர் சட்டென்று விவரமாகச் சொன்னால் நல்ல அடையாளம்.

கோடாரிக்கு ஒரு தனிக் களம் உண்டு. கயிறு கட்டி வளைத்திருப்பார்கள். உள்ளே ஒரு நேரத்தில் ஒருவன் மட்டும். கோடாரியை நீட்டிப் பிடித்துச் சுற்றிலும் மேலும் கீழும் காட்டி, எதுவும் எவனும் படவில்லை என்று உறுதி செய்தபிறகே வெட்டலாம். மண்டியிட்டுத்தான் விறகு பிளக்கக் கற்றுக்கொடுப்போம். குறி தவறினால் கோடாரி தரையில் இறங்கும், கெண்டைக்காலில் இறங்காது. பதினொரு வயதில் பெரும்பாலும் ரம்பம் கொண்டு அறுப்பதும், கையளவு கோடாரியை விறகின்மேல் வைத்து இன்னொரு கட்டையால் தட்டிப் பிளப்பதும்தான். இது மெதுவான முறை, ஆனால் ஈரமான விறகின் உள்ளே இருக்கும் காய்ந்த நடுப்பகுதியை எடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. நான்கு நாள் மழைக்குப் பிறகும் தீ மூட்டத் தெரிந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்தது இவ்வளவுதான்: கீழே விழுந்து கிடக்கும் பிர்ச் மரத்தின் பட்டை, பென்சில் முனையளவு சுள்ளி ஒரு கைப்பிடி, பென்சிலளவு ஒரு கைப்பிடி, விரலளவு ஒரு கைப்பிடி, எல்லாம் தயாராக அடுக்கி வைத்த பிறகே தீக்குச்சி. அவசரப்பட்டுக் குச்சியை உரசுகிறவன்தான் ஒரு பெட்டித் தீக்குச்சியையும் காலி செய்வான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் படுக்கையில் இருக்க வேண்டும். தூங்கலாம், படிக்கலாம், கடிதம் எழுதலாம். வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டுக்குக் கடிதம் எழுதியே ஆக வேண்டும் என்பது பல இடங்களில் சட்டம். நீங்கள் அனுப்பும் கடிதம் அவன் கைக்கு வருவதும் இந்த நேரத்தில்தான். போன் இல்லையே என்று கவலைப்படுகிறீர்கள். என் அனுபவத்தில் பையன்கள் இரண்டு நாளில் அதை மறந்துவிடுகிறார்கள், பெற்றோருக்குத்தான் இரண்டு வாரம் ஆகிறது.

மாலையில் விளையாட்டு, ராத்திரி தீமூட்டம். பாட்டு, நாடகம், பயணத்திலிருந்து திரும்பிய குழு சொல்லும் கதைகள். ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த முகாம்களில் பலவற்றில் பூர்வகுடி மக்களின் உடையையும் சடங்குகளையும் காப்பியடித்துப் 'பேரவைத் தீ' நடத்தும் பழக்கம் நூறு வருஷமாக இருந்தது. கேனூவும், அதைத் தோளில் தூக்கி ஏரிக்கு ஏரி கடக்கும் பாதைகளும் ஒஜிப்வே மக்கள் கொடுத்தவை. அவர்களிடம் கேட்காமலே அவர்கள் சடங்கை வேடிக்கையாக்கியது தவறு என்றே நான் நினைக்கிறேன். பல முகாம்கள் அதை நிறுத்திவிட்டன. நீங்கள் பார்க்கும் முகாம் என்ன செய்கிறது என்று தயங்காமல் கேளுங்கள்.

இனி பயணம். நான் நீண்ட நேரம் பேசவிரும்புவது இதைப் பற்றித்தான்.

மினசோட்டாவின் வடகோடியில், கனடா எல்லையை ஒட்டி, பவுண்டரி வாட்டர்ஸ் என்ற வனப்பகுதி இருக்கிறது. பத்து லட்சம் ஏக்கருக்கும் மேல், ஆயிரத்துக்கும் அதிகமான ஏரிகள். ஏரிகளில் பெரும்பாலானவற்றில் மோட்டார் படகு ஓட்டத் தடை. உள்ளே சாலை கிடையாது. ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் போகக் கூடாது, நான்கு படகுகளுக்கு மேல் கூடாது. அதனால் இரண்டு தலைவர்கள், ஆறேழு பையன்கள், மூன்று கேனூ என்றுதான் குழு அமையும். தகர டப்பா உணவும் கண்ணாடி பாட்டிலும் உள்ளே கொண்டுபோகத் தடை. எனவே புறப்படுவதற்கு முந்தின நாள் முழுக்கப் பொட்டலம் கட்டும் வேலை: ஓட்ஸ், பான்கேக் மாவு, அரிசி, பயறு, பாஸ்தா, பால் பவுடர், சீஸ், வேர்க்கடலை வெண்ணெய் எல்லாவற்றையும் அளந்து பைகளில் போட்டு, எந்த நாளுக்கு எது என்று எழுதி வைப்பார்கள். இதையும் பையன்கள்தான் செய்வார்கள். சர்க்கரையை மறந்தால் எட்டு நாள் சர்க்கரை இல்லை.

பயண நாள் சீக்கிரம் தொடங்கும். ஐந்தரை, ஆறு மணிக்கு எழுந்துவிடுவோம். காற்று பொதுவாக முற்பகலில்தான் வலுக்கும் என்பதால் பெரிய ஏரியை அதற்குமுன் கடந்துவிட வேண்டும். ஒருவன் தீ மூட்ட, இருவர் கூடாரம் மடிக்க, ஒருவன் ஓட்ஸ் கிண்ட, ஏழு மணிவாக்கில் தண்ணீரில் இருப்போம். முன்னால் இருப்பவன் வேகம் கொடுப்பான், பின்னால் இருப்பவன் திசை பிடிப்பான், நடுவில் மூன்றாமவன் மூட்டைகளோடு உட்கார்ந்திருப்பான். அவனை அங்கே 'டஃபர்' என்பார்கள், அவன் கையில் பெரும்பாலும் வரைபடம் இருக்கும். பின்னால் இருப்பவன் துடுப்பை இழுத்து முடிக்கும்போது லேசாகத் திருப்பி வெளியே தள்ள வேண்டும். அதன் பெயர் ஜே ஸ்ட்ரோக். அது கைவரும்வரை கேனூ ஏரியில் பாம்புபோல வளைந்து வளைந்துதான் போகும். மூன்றாம் நாள், நான்காம் நாள் திடீரென்று நேராகப் போகத் தொடங்கும். அந்தப் பையன் திரும்பி ஒன்றும் சொல்ல மாட்டான், ஆனால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரிக்குப் போகக் காட்டுப்பாதையில் எல்லாவற்றையும் சுமந்து நடப்பதற்கு 'போர்ட்டேஜ்' என்று பெயர். அதன் நீளத்தை அங்கே இன்னமும் 'ராட்' கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு ராட் 16.5 அடி, ஏறக்குறைய ஒரு கேனூவின் நீளம். 320 ராட் சேர்ந்தால் ஒரு மைல். அலுமினிய கேனூ பெரும்பாலும் 70 பவுண்டு அளவில் இருக்கும், கெவ்லார் என்ற லேசான செயற்கை இழையால் செய்தது என்றால் 45 பவுண்டு அளவில் இருக்கும். தோளில் வைக்கப் பலகை பொருத்தியிருப்பார்கள், கவிழ்த்துத் தலைக்கு மேல் தூக்கி நடக்க வேண்டும். பதினொரு வயதில் யாரும் அதைத் தனியாகத் தூக்கச் சொல்ல மாட்டார்கள். இருவர் சேர்ந்து தூக்குவார்கள், அல்லது பெரியவர் தூக்கப் பையன்கள் மூட்டை சுமப்பார்கள். மூட்டை என்றால் 'டுலூத் பேக்' எனப்படும் கான்வாஸ் பை. 1882இல் டுலூத் நகரத்துச் செருப்புத் தொழிலாளர் ஒருவர் காப்புரிமை வாங்கிய வடிவம், பெரிய மாற்றமில்லாமல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுபோக முடியாதபோது திரும்பி வந்து மிச்சத்தை எடுக்க வேண்டும். 100 ராட் பாதை அப்போது 300 ராட் ஆகிவிடும். சேறு, வேர், கல், முகத்தைச் சுற்றிக் கொசு. கை இரண்டும் கேனூவைப் பிடித்திருப்பதால் கொசுவை அடிக்கவும் முடியாது.

பையன்கள் அழுவது பெரும்பாலும் இங்கேதான். பாதியில் மூட்டையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான் பக்கத்தில் உட்காருவேன். தண்ணீர் குடிக்கச் சொல்வேன். பாதை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று உண்மையைச் சொல்வேன், குறைத்துச் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் இரண்டு நிமிஷத்தில் எழுந்துவிடுவார்கள். சில சமயம் முன்னே போன பையன் ஒருவன் தன் சுமையை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பி வந்து, பேச்சே இல்லாமல் இவன் மூட்டையை எடுத்துப் போவான். யாரும் அவனை அனுப்பியிருக்க மாட்டார்கள்.

மதியம் இரண்டு மூன்று மணிக்கெல்லாம் அன்றைய தங்குமிடத்தைப் பிடித்துவிடப் பார்ப்போம். அங்கே குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே தங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் தீ மூட்ட ஓர் இரும்புக் கம்பிச்சட்டமும், சற்று உள்ளே தள்ளிக் காட்டுக்குள் சுவரும் கூரையும் இல்லாத ஒரு கழிப்புப்பெட்டியும் இருக்கும். அந்தப் பெட்டியில் உட்கார்ந்து மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது முதல் நாள் எல்லாப் பையன்களுக்கும் பெரிய கூச்சம். இரண்டாம் நாள் போய்விடும். தங்குமிடம் அல்லாத இடத்தில் போக நேர்ந்தால் தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி, ஆறிலிருந்து எட்டு அங்குலம்வரை குழி தோண்டி மூட வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பும் ஏரியில் கலக்கக் கூடாது. குடிக்கும் தண்ணீரை வடிகட்டுவோம், இல்லையென்றால் ஒரு நிமிஷம் நன்றாகக் கொதிக்க விடுவோம். தெளிவாகத் தெரிகிறதே என்று அப்படியே குடித்தால் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி வயிற்றைக் கெடுத்துவிடும். ஏரிகளில் வாழும் பீவர் என்ற விலங்கின் பெயரால் இதை 'பீவர் காய்ச்சல்' என்பார்கள்.

கூடாரம் போடுவதில் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். ஒரு பயணத்தில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனுக்கு அன்றைக்குக் கூடாரப் பொறுப்பு. மெத்தென்று இருந்த இடமாகப் பார்த்துப் போட்டான். அது லேசான பள்ளம். நான் பார்த்தேன், ஒருமுறை 'மழை வந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?' என்று கேட்டேன். வானம் சுத்தமாக இருந்தது, அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குளிர் உயிருக்கு ஆபத்தாகும் காலமாக இருந்திருந்தால் நானே மாற்றியிருப்பேன். ஜூலை மாதம் என்பதால் விட்டுவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு மழை பிடித்தது. நான்கு பேரின் ஸ்லீப்பிங் பேக்கும் நனைந்தது. எல்லோரும் எங்கள் கூடாரத்துக்குள் வந்து நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள், கோகோ போட்டுக் கொடுத்தேன். மற்ற மூவரும் அவனைக் குறை சொல்லத் தொடங்கியபோது, அன்றைக்கு மதியம் அவர்கள் மூவரும் நீந்திக்கொண்டிருக்க அவன் தனியாகத்தான் கூடாரம் போட்டான் என்பதை மட்டும் நினைவுபடுத்தினேன். மறுநாள் வெயிலில் எல்லாவற்றையும் காயப்போட்டோம். அன்று சாயங்காலம் புது இடத்துக்கு வந்ததும் அவன் கூடாரப் பையைத் தொடவே இல்லை. நான்கு பேரும் முதலில் தரையில் முட்டிபோட்டுத் தவழ்ந்து, எங்கே மேடு, எங்கே பள்ளம், எங்கே வேர் என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே காய்ந்த மரக்கிளை தொங்குகிறதா என்றும் அண்ணாந்து பார்த்தார்கள். அதை நான் சொல்லிக்கொடுத்திருந்தேன், ஆனால் முதல் நாளில் யாரும் கேட்கவில்லை.

சாயங்காலச் சமையலில் எல்லோருக்கும் பங்கு. இரண்டு பேர் சமைக்க, இரண்டு பேர் விறகு, இரண்டு பேர் பாத்திரம், மறுநாள் முறை மாறும். விறகுக்குக் கீழே விழுந்து காய்ந்தது மட்டும்தான், நிற்கும் மரத்தைத் தொடக் கூடாது. சைவமா, அசைவமா என்பது காட்டில் ஒரு பிரச்சினையே இல்லை. பயணச் சாப்பாட்டில் பாதி எப்படியும் அரிசி, பயறு, மாவுதான். ஆனால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், கிளம்பும் அன்று சொன்னால் உங்கள் பையன் எட்டு நாளும் வேர்க்கடலை வெண்ணெயில் ஓட்ட வேண்டியிருக்கும். சாப்பிட்டு முடித்ததும் மிச்ச உணவு, பற்பசை, மிட்டாய்க் காகிதம் என வாசனை உள்ள எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, கயிறு வீசி, தரையிலிருந்து பன்னிரண்டு அடி உயரத்தில், மரத்தண்டிலிருந்து ஆறடி தள்ளித் தொங்கவிடுவோம், அல்லது கரடி திறக்க முடியாத பீப்பாயில் அடைப்போம். அங்கே இருப்பது கருங்கரடி. மனிதரைக் கண்டால் விலகிப் போகும் பிராணிதான், ஆனால் ஒருமுறை உணவு கிடைத்துவிட்டால் திரும்பத் திரும்ப வரும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட் துண்டுகூடக் கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

இடி கேட்டால் உடனே கரையேற வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிஷம் காத்திருந்துதான் மறுபடி தண்ணீரில் இறங்குவோம். காற்று அடங்காவிட்டால் ஒரு நாள் முழுக்க ஓரிடத்திலேயே இருந்துவிடுவோம். அப்படிக் காற்றில் மாட்டிய நாட்களில்தான் சீட்டுக்கட்டும், பொரிசட்டியில் பீட்சா சுடுவதும், மரக்கரண்டி செதுக்குவதும் நடக்கும். தினமும் படுக்கும்முன் ஒரு சடங்கு உண்டு: முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. மான் உண்ணியால் லைம் நோய் பரவும், சீக்கிரம் எடுத்துவிட்டால் ஆபத்து குறைவு. வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரத்துக்குத் தோலில் வட்டமான சிவப்புத் தடிப்போ காய்ச்சலோ வந்தால் முகாமுக்குப் போயிருந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம் ராத்திரி. ஜூன் கடைசியில் அங்கே ஒன்பது மணிக்கு மேல்தான் இருட்டத் தொடங்கும். லூன் என்ற நீர்ப்பறவை ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுக்கும். முதல் தடவை கேட்கிற பையன் யாரோ அழுகிறார்கள் என்றே நினைப்பான். மறு கரையிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். பகல் முழுக்க வாய் மூடாத பிள்ளைகள் அந்த நேரத்தில் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இப்போது உங்கள் உண்மையான பயத்துக்கு வருகிறேன். அவன் வீட்டை நினைத்து ஏங்குவானா? ஏங்குவான். இதை நெடுங்காலம் ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டஃபர் தர்பர், முகாமில் இருந்த சிறுவர்களையே கவனித்து, பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு நாளாவது ஏக்கம் வருகிறது, மிகச் சிலருக்கே அது கடுமையாகிறது என்று கண்டார். 2007இல் அவரும் ஒரு குழந்தை மருத்துவரும் சேர்ந்து அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்துக்காக எழுதிய அறிக்கையில் பெற்றோருக்குச் சொன்ன ஒன்றை நானும் நான்கு கோடையும் கண்ணால் பார்த்தேன்: 'பிடிக்கலேன்னா சொல்லு, உடனே வந்து கூட்டிட்டுப் போறேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அப்படி வாக்குறுதியோடு வந்த பையன் ஒவ்வொரு கஷ்டத்திலும் அதையே பிடித்துக்கொள்வான். கூடாரம் போடக் கற்றுக்கொள்ள மாட்டான், நண்பன் தேட மாட்டான், நீங்கள் எப்போது வருவீர்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பான். அதற்குப் பதிலாக, இப்போதே தாத்தா பாட்டி வீட்டிலோ நண்பன் வீட்டிலோ இரண்டு மூன்று ராத்திரி தங்கவிடுங்கள், அந்த நாட்களில் போனில் பேசாமல் இருந்து பாருங்கள். ஒரு ராத்திரிகூடத் தங்காத பிள்ளையை நேராக மூன்றரை வாரத்துக்கு அனுப்ப நான் சொல்ல மாட்டேன். பழக்கிவிட்டு அனுப்புங்கள், அல்லது முதல் வருஷம் இரண்டு வாரத் தொகுதி இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, போகவேண்டும் என்ற முடிவில் அவனுக்கும் பங்கு இருக்க வேண்டும்.

ஆண் பிள்ளைகள் மட்டும் இருப்பது நல்லதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். நல்லதும் பார்த்திருக்கிறேன், கெட்டதும் பார்த்திருக்கிறேன். சில வேலைகள் பெண்கள் செய்யும் வேலை என்று வீட்டில் யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால், சமைக்கவும் துவைக்கவும் தைக்கவும் வேறு ஆளே இல்லாத இடத்தில் அந்த எண்ணம் ஒரு வாரத்தில் கரைந்துவிடுகிறது. பயந்தவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்வதும் பையன்கள்தான். ஆனால் பெரியவர்கள் கவனிக்காத முகாமில் கேலியும் சீண்டலும் வேகமாக வளரும். புதிதாக வந்தவனை 'பழக்குகிறேன்' என்று வதைப்பதும் நடக்கும். ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் பெரியவர் இருக்கிறாரா? ஒரு பெரியவர் ஒரு சிறுவனோடு தனியே இருக்கக் கூடாது என்ற விதி எழுத்தில் இருக்கிறதா? ஒன்பதிலிருந்து பதினான்கு வயதுவரை உள்ளவர்களுக்கு, இரவு தங்கும் முகாமில் எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர் என்பது அமெரிக்க முகாம் சங்கத்தின் அளவுகோல். அதை விடக் குறைவாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பயணத் தலைவர்களிடம் வனப்பகுதி முதலுதவிச் சான்றிதழ் இருக்க வேண்டும். அதில் 'ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர்' என்பது 70, 80 மணி நேரப் படிப்பு, வார இறுதி வகுப்பு அல்ல. செயற்கைக்கோள் வழித் தொடர்புக் கருவி எடுத்துப் போகிறார்களா, அவசரத்தில் வெளியே கொண்டுவர எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் கேளுங்கள். போன வருஷம் வந்த பிள்ளைகளும் கவுன்சிலர்களும் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்ற ஒரு கேள்வியில் முகாமின் குணம் நிறையவே வெளியே வரும்.

செலவு குறைவில்லை. பல இடங்களில் வாரத்துக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும். ஆனால் உதவித்தொகை வைத்திருக்கும் முகாம்கள் நிறைய உண்டு, விண்ணப்பம் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். சாமான் வாங்கும்போது நல்ல மழைக்கோட்டுக்கும் கம்பளிக் காலுறைக்கும் பணம் போடுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி நனைந்தால் சீக்கிரம் காயாது, குளிரும். ஷூ புதிதாக இருந்தால் முன்பே ஒரு மாதம் போட்டு நடந்து பழகட்டும். அவன் தினமும் சாப்பிடும் மருந்து ஏதாவது இருந்தால் கோடை விடுமுறைதானே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடமும் முகாம் செவிலியரிடமும் பேசுங்கள்.

இன்னும் ஒன்று. அவன் கிளம்புவதற்கு நான்கைந்து நாள் முன்னதாகவே ஒரு கடிதம் எழுதி முகாமுக்குத் தபாலில் போட்டுவிடுங்கள். முதல் நாள் மதியம் எல்லோரும் படுக்கையில் கிடக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் பெயர் கூப்பிட்டுக் கடிதம் கொடுப்பார்கள், பெரும்பாலான பையன்களுக்கு அன்று ஒன்றும் வந்திருக்காது. கடிதத்தில் 'நீ இல்லாமல் வீடே வெறிச்சென்று இருக்கிறது' என்று எழுதாதீர்கள். நாய்க்குட்டி என்ன செய்தது, பக்கத்து வீட்டில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். கேள்வியாக இரண்டு கேளுங்கள்: உன் கேபினில் யார் யார், உன் கேனூவில் நீ எங்கே உட்காருகிறாய்? பதில் எழுத அவனுக்கு ஏதாவது இருக்கும்.